கருக்குழாய்ப் புற்றுநோய்: அரிதான நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

(பெண்கள் நலப் பாடம். ஆண்களும் படிக்க வேண்டியது)



மருத்துவ உதவி கேட்டு வருபவர்கள் கொண்டுவரும் காகிதக் கட்டில் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும், இரத்தப் பரிசோதனை இருக்கும், மருந்துச் சீட்டுகள் இருக்கும். ஆனால் "என்ன நோய் என்று சொன்னார்கள்?" என்று கேட்டால், "ஏதோ கர்ப்பப்பைப் பக்கத்தில் கட்டி என்றார்கள்" என்பதற்கு மேல் பல குடும்பங்களுக்குச் சொல்லத் தெரிவதில்லை. பெண்களின் உள்ளுறுப்பு நோய்களைப் பற்றி வீட்டில் பேசும் பழக்கம் நம்மிடம் குறைவு. பேசாததால் தெரிவதில்லை. தெரியாததால் தாமதமாகிறது.

அதனால் இந்த முறை, பெயரைக்கூடப் பலர் கேட்டிராத ஒரு நோயைப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். கருக்குழாயில் வரும் புற்றுநோய் அது. அரிதான நோய்க்கு ஏன் இவ்வளவு பக்கம் என்று நினைக்க வேண்டாம். அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் புரிந்துகொண்டால், பெண்களின் அடிவயிற்று நோய்கள் எல்லாவற்றிலும் எப்போது மருத்துவரிடம் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும், எந்த இடத்தில் ஏமாந்துவிடக் கூடாது என்பது தெரிந்துவிடும்.

கருக்குழாய் என்பது என்ன?

கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் கை நீட்டியது போல இரண்டு மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம், அதாவது ஏறக்குறைய அரைச் சாண். சினைப்பையில் (ஓவரி என்கிறோமே, அதுதான்) இருந்து வரும் முட்டையைப் பிடித்துக் கர்ப்பப்பைக்குக் கொண்டு சேர்ப்பது இவற்றின் வேலை. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் "டியூப்பைக் கட்டிவிட்டார்கள்" என்று சொல்வது இந்தக் குழாயைத்தான். 16-ஆம் நூற்றாண்டில் இதை விவரித்து எழுதிய இத்தாலி நாட்டு உடற்கூறு அறிஞர் கபிரியேல் ஃபலோப்பியோவின் பெயரால் ஃபெலோப்பியன் குழாய் என்று அழைக்கிறார்கள்.

குழாயின் வெளி முனை விரல்கள் போலப் பிரிந்து, சினைப்பையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். இந்த விரல் முனையை நினைவில் வையுங்கள். பாடத்தின் முக்கியமான செய்தி அங்கேதான் இருக்கிறது.

அரிதா, அரிதில்லையா?

மருத்துவப் புத்தகங்கள் நீண்ட காலமாக ஒரே கணக்கைச் சொல்லி வந்தன. பெண்களின் இனப்பெருக்க உறுப்புகளில் வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவாகத்தான் கருக்குழாயில் வருகிறது என்பதே அது. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு, 50, 60 வயதுகளில் வரும்.

பின்னர் இந்த எண்ணம் மாறியது. 2001-இல் நெதர்லாந்து மருத்துவர்கள், பரம்பரையாக சினைப்பைப் புற்றுநோய் வரும் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களிடம் முன்னெச்சரிக்கையாக எடுக்கப்பட்ட உறுப்புகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். சினைப்பையில் தேடியது கருக்குழாயில் கிடைத்தது. புற்றுநோயாக மாறப்போகும் செல்கள் குழாயின் உட்படலத்தில் இருந்தன. பிறகு அமெரிக்காவின் பாஸ்டன் நகர நோயியல் மருத்துவர்கள், குழாயின் விரல் முனையை நீளவாக்கில் மெல்லிய துண்டுகளாக நறுக்கி முழுவதையும் பார்க்கும் முறையை 2006-இல் வெளியிட்டார்கள். அப்படிப் பார்க்கப் பார்க்க, "சினைப்பைப் புற்றுநோய்" என்று எழுதப்பட்ட பலவும் உண்மையில் கருக்குழாயின் விரல் முனையில் தொடங்கி, சினைப்பை மேல் உதிர்ந்து வளர்ந்தவை என்பது தெளிவாயிற்று.

முன்பு இரண்டையும் சேர்ந்து பார்த்தால் பெரிய கட்டி இருக்கும் இடத்தின் பெயரையே நோய்க்கு வைத்தார்கள். விதை விழுந்த இடத்தைப் பார்க்காமல், மரம் சாய்ந்த இடத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது போல. இன்று உலக மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு, 2014 முதல் சினைப்பை, கருக்குழாய், வயிற்று உறைப் படலம் மூன்றின் புற்றுநோய்க்கும் ஒரே நிலைப் பட்டியலை வைத்திருக்கிறது. சிகிச்சையும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே ஒரு ரிப்போர்ட்டில் "ஓவரி" என்றும் மற்றொன்றில் "டியூப்" என்றும் எழுதியிருந்தால் மருத்துவர்கள் குழம்பிவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

உடல் தரும் தடயங்கள்

கருக்குழாய்ப் புற்றுநோய்க்கு என்று மருத்துவம் பழைய காலம் முதல் சொல்லிவரும் மூன்று அடையாளங்கள் உண்டு.

1. நீர் போன்ற, சில நேரம் இளஞ்சிவப்பாக அல்லது இரத்தம் கலந்து, திடீரென்று நிறையப் போவது, பிறகு நின்றுவிடுவது, சில நாளில் மறுபடி வருவது.
2. அதற்கு முன் அடிவயிற்றில் ஒரு பக்கமாகச் சுருட்டிப் பிடிக்கும் வலி. நீர் போனதும் வலி தணிந்துவிடும். அடைபட்ட குழாயில் நீர் சேர்ந்து, நிறைந்து, வழிவதால் இப்படி ஆகிறது.
3. மருத்துவர் கைவைத்துப் பார்க்கும்போது கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் ஒரு கட்டி தட்டுப்படுவது. நீர் போன பிறகு அது சிறுத்தும் இருக்கலாம்.

மூன்றும் சேர்ந்து வருவது மிகச் சிலருக்கே. பலருக்கு மாதவிடாய் நின்ற பிறகு இலேசான இரத்தக் கசிவு மட்டும் இருக்கும். இன்னும் பலருக்கு, சினைப்பைப் புற்றுநோயைப் போலவே, வயிறு சம்பந்தமான தொல்லையாகத்தான் தொடங்கும்: வயிறு உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிட்ட உணர்வு, அடிவயிற்று வலி, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருவது.

இவை எல்லாருக்கும் எப்போதாவது வருபவைதானே? ஆம். எனவே ஒரு கணக்கு சொல்கிறார்கள். இந்தத் தொல்லைகள் முன்பு இல்லாமல் கடந்த ஒரு வருடத்துக்குள் புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் இருந்தால் அதைக் "கேஸ்" என்று ஒதுக்கக் கூடாது. ஓமத் தண்ணீரும் அசிடிட்டி மாத்திரையும் இரண்டு வாரத்தில் கேட்கவில்லை என்றால், பெண்கள் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம் பெண்களிடம் இருக்கும் ஒரு வசதி

ஹைளு நாட்களைக் கணக்கு வைப்பது நம் வீட்டுப் பெண்களுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். எந்த நாளில் தொழுகை விடுவது, எப்போது குளிப்பது, இது ஹைளா இஸ்திஹாளாவா என்று பார்த்தே ஆக வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகும், ஏதேனும் கசிந்தால் ஒளு முறியும் என்பதால் உடனே தெரிந்துவிடும். மற்றவர்கள் பல வாரம் கழித்துக் கவனிக்கும் மாற்றத்தை, ஐவேளை தொழும் ஒரு தாய் முதல் நாளே கவனித்துவிடுகிறார்.

கவனித்ததைச் சொல்வதுதான் இல்லை. ஒளு எடுத்துக்கொண்டே இருப்பார், உள்ளாடை மாற்றிக்கொண்டே இருப்பார், மகளிடம்கூடச் சொல்ல மாட்டார். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு இரத்தம் நிற்காமல் போவதை நபி (ஸல்) அவர்களிடமே வந்து கேட்டார்கள் என்பதையும், அது மாதவிடாய் அல்ல, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று நபியவர்கள் விளக்கிச் சொன்னார்கள் என்பதையும் மதரஸாவில் படித்திருக்கிறோம். கேட்பது வெட்கத்துக்கு எதிரானது அல்ல.

எனவே, மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்த பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும், தொழுகை பற்றிய கேள்வியை ஆலிமாவிடம் கேளுங்கள். அதே வாரத்தில் மருத்துவரிடமும் காட்டுங்கள். ஒன்று மற்றொன்றுக்குப் பதில் ஆகாது.

ஒரு தாயின் பரிசோதனைப் பயணம்

கண்டுபிடிக்கும் படிகளை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். இது யாருடைய கதையும் அல்ல, பாடத்துக்காக வைத்துக்கொண்டது.

குமணன்சாவடியில், குன்றத்தூர் சாலைப் பக்கம் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மாவுக்கு வயது 57. மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆகிறது. நான்கு மாதமாக, வலப்பக்க அடிவயிற்றில் வலி வந்து, பிறகு சிவப்புக் கலந்த நீர் போகிறது. மருமகளிடம் ஒரு நாள் சொன்னார். பக்கத்து கிளினிக்கில் வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் குறைந்தது, மறுபடி வந்தது. வேறு மாத்திரை கொடுத்தார்கள்.

முதல் பாடம் இங்கே. 57 வயதில் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரத்தம் கலந்து போவது வெள்ளைப்படுதல் அல்ல. உள்ளே பரிசோதிக்காமல் இரண்டாம் முறையும் மாத்திரை மட்டும் தரப்பட்டால், பெண்கள் நல மருத்துவரிடம் போய்விடுங்கள்.

*படி 1: நேரடிப் பரிசோதனை.* மருத்துவர் கருவி வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்க்கிறார். அங்கிருந்து செல் எடுத்து பேப் ஸ்மியர் அனுப்புகிறார். நம் நாட்டில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அதிகம் என்பதால் அதை முதலில் விலக்க வேண்டும். பேப் ஸ்மியர் கருக்குழாய் நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல. அபூர்வமாக, குழாயிலிருந்து இறங்கி வந்த செல்கள் அதில் தெரிவதுண்டு.

*படி 2: ஸ்கேன்.* பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் சினைப்பையும், வீங்கியிருந்தால் குழாயும் தெளிவாகத் தெரியும். திருமணமாகாத பெண்களுக்கு, சிறுநீர்ப் பை நிறைந்த நிலையில் வயிற்றின் மேலேயே செய்யலாம். அதைச் சொல்லிக் கேட்கலாம். இந்த அம்மாவின் ஸ்கேனில் கர்ப்பப்பையின் உட்படலம் மெல்லியதாகவே இருந்தது. வலப்பக்கம், சினைப்பைக்கு அருகே, நீளவாக்கில் வீங்கிய ஒரு கட்டி; உள்ளே நீரும், சுவரில் சிறு சதை முளைகளும். வெறும் நீர்க்கட்டி என்றால் சுவர் வழவழப்பாக இருக்கும். சதை முளைகளும் அவற்றுக்குள் இரத்த ஓட்டமும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

*படி 3: கர்ப்பப்பை உட்படலத்திலிருந்து சதை எடுத்துப் பார்ப்பது.* மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் வந்தால், உட்படலப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க இது தேவை. ரிப்போர்ட் "புற்றுநோய் இல்லை" என்று வந்தது.

இரண்டாம் பாடம் இங்கே. இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி ஃபைலை மூடிவிடுகின்றன. அந்த ரிப்போர்ட் கர்ப்பப்பை உட்படலத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. இரத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை என்றே பொருள். வாய் நன்றாக இருக்கிறது, உட்படலம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் கசிவு நிற்கவில்லை என்றால், அதற்கு மேலே இருக்கும் குழாயையும் சினைப்பையையும் தேட வேண்டும்.

*படி 4: சி.ஏ.125 இரத்தப் பரிசோதனை.* கருக்குழாய், சினைப்பைப் புற்றுநோய் உள்ள பெரும்பாலோருக்கு இந்த அளவு உயர்ந்திருக்கும். சாதாரண எல்லை 35. மருத்துவர்கள் இந்த எண்ணையும், ஸ்கேனில் கண்ட அடையாளங்களையும், மாதவிடாய் நின்றதா என்பதையும் சேர்த்து ஆபத்தைக் கணக்கிடுகிறார்கள். எண் மட்டும் தனியாக எதையும் சொல்லாது. மாதவிடாய் நாட்கள், கர்ப்பம், கர்ப்பப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், கல்லீரல் நோய், காசநோய் இவற்றிலும் அது உயரும். ஆரம்ப நிலைப் புற்றுநோயில் உயராமலும் இருக்கும்.

*படி 5: சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.* நோய் வயிற்றில் வேறு எங்காவது பரவியிருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா, நெறிக்கட்டிகள் வீங்கியிருக்கின்றனவா என்று பார்க்க.

*படி 6: புற்றுநோய்ப் பெண்கள் நல அறுவை மருத்துவர்.* சந்தேகம் வலுத்த பிறகு, பொதுவான ஆபரேஷனாகச் செய்யாமல், இதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் போவது மிக முக்கியம். கட்டி ஒரு இடத்தோடு இருக்கும்போது, ஊசி போட்டு அதிலிருந்து சதையோ நீரோ எடுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் செல்கள் வயிற்றில் சிந்திவிடலாம். கட்டியை உடையாமல் முழுதாக எடுத்துப் பரிசோதிப்பதே முறை. "முதலில் ஊசி போட்டுப் பார்த்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், "சிந்திவிடும் ஆபத்து இல்லையா?" என்று கேளுங்கள். நோய் ஏற்கெனவே வயிறு முழுவதும் பரவியிருந்தால் நிலைமை வேறு. அப்போது ஸ்கேன் பார்த்துக்கொண்டே, பரவிய இடத்திலிருந்து ஊசியால் சதை எடுத்து, நோயை உறுதி செய்து, முதலில் கீமோ கொடுத்துப் பிறகு ஆபரேஷன் செய்வார்கள்.

*படி 7: நுண்ணோக்கி.* ஆபரேஷன் நடக்கும்போதே ஒரு துண்டை உறைய வைத்து அவசரமாகப் பார்ப்பது உண்டு. முழு ரிப்போர்ட் வர ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகலாம். குழாயின் விரல் முனையைத் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும், சிறப்புச் சாயங்கள் போட்டு, இந்தச் செல் குழாயிலிருந்து வந்ததா, குடலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ பரவியதா என்று பிரிக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் அதுதான். ரிப்போர்ட்டில் "ஹை கிரேட் சீரஸ் கார்சினோமா" என்று இருந்தால், இந்த வகையில் அதிகம் காணப்படும் நோய் அதுவே.

ஆபரேஷனுக்கு முன்பே "இது கருக்குழாய்ப் புற்றுநோய்" என்று உறுதியாகச் சொல்லப்படுவது மிகக் குறைவு. பெரும்பாலும் சினைப்பைக் கட்டி என்று நினைத்துத் திறந்து, நுண்ணோக்கியில்தான் பெயர் தெரிகிறது. இது மருத்துவரின் தவறு அல்ல. ஆனால் சந்தேகப்படுவதும், சரியான இடத்துக்கு அனுப்புவதும் முன்பே நடந்திருக்க வேண்டும்.

காசநோயா, புற்றுநோயா?

நம் நாட்டில் இந்தக் கேள்வி தனியாகப் பேசப்பட வேண்டியது. பெண்களின் இனப்பெருக்க உறுப்புகளைக் காசநோய் தாக்கும்போது, அது பெரும்பாலும் கருக்குழாயைத்தான் முதலில் பிடிக்கிறது. குழந்தையின்மைக்கு அதுவும் ஒரு காரணம். வயிற்றுக் காசநோயில் வயிற்றில் நீர் கோக்கும், எடை குறையும், ஸ்கேனில் கட்டி தெரியும், சி.ஏ.125 சில நூறுகளுக்கு ஏறும். பார்த்தால் அச்சு அசல் பரவிய புற்றுநோய் போலவே இருக்கும்.

இரு பக்கமும் ஆபத்து உண்டு. காசநோயைப் புற்றுநோய் என்று நினைத்து, ஓர் இளம்பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் மீட்க முடியாது. புற்றுநோயைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தால், அந்த மாதங்கள் திரும்ப வராது. எனவே ஒரு விதியை மனதில் வையுங்கள்: சதையோ, வயிற்று நீரோ பரிசோதனைக் கூடத்தில் பார்க்கப்படாமல் கீமோவும் தொடங்கக் கூடாது, சந்தேகத்தின் பேரில் மட்டும் பெரிய ஆபரேஷனும் கூடாது. "பயாப்ஸி ரிப்போர்ட் என்ன சொல்கிறது?" என்று கேட்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிமை உண்டு.

நோய் இல்லாதவர்கள் வருடா வருடம் சோதிக்க வேண்டுமா?

பெண்களுக்கான மாஸ்டர் ஹெல்த் செக்கப் விளம்பரங்களில் சி.ஏ.125-ஐயும் சேர்த்து விற்கிறார்கள். பிரிட்டனில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான பெண்களை வைத்து 2001-இல் தொடங்கிய பெரிய ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. எந்தத் தொல்லையும் இல்லாத பெண்களுக்கு வருடா வருடம் இந்த இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ செய்தும், இந்த நோயால் இறப்பவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. வீண் பயமும் தேவையற்ற ஆபரேஷன்களும்தான் கூடின. எனவே தொல்லையோ குடும்ப வரலாறோ இல்லாதவர்கள் அந்தப் பணத்தை இதற்குச் செலவிட வேண்டாம். மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய இரண்டுக்கும் முன்கூட்டிச் சோதிப்பதால் உறுதியான பலன் உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அவை இலவசம், அதைத் தவறவிடாதீர்கள்.

தொல்லை தொடங்கியவுடன் போவதற்குப் பலன் உண்டு. நோய் குழாய், சினைப்பையோடு இருக்கும்போது பிடிபட்டவர்களில், பத்தில் சுமார் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நலமாக இருக்கிறார்கள் என்று அமெரிக்கப் பதிவேடுகள் காட்டுகின்றன. வெகுதூரம் பரவிய பிறகு என்றால் பத்தில் மூன்று பேர் அளவுதான்.

குடும்பத்தில் யாருக்காவது இருந்தால்

இந்த வகைப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, பிறவியிலேயே வந்த மரபணு மாற்றம் காரணமாக இருக்கிறது. பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்று பெயர். முதலாவது உள்ள நூறு பெண்களில் சுமார் 40 பேருக்கும், இரண்டாவது உள்ள நூறு பெண்களில் சுமார் 15 பேருக்கும் வாழ்நாளில் சினைப்பை அல்லது கருக்குழாய்ப் புற்றுநோய் வரலாம். மார்பகப் புற்றுநோயும் வரலாம். எனவே இந்த நோய் உறுதியான எல்லாப் பெண்களுக்கும் மரபணுப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது.

இது தாய் வழியாக மட்டும் அல்ல, தந்தை வழியாகவும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதி. அத்தாவின் சகோதரிக்கு மார்பகப் புற்றுநோய் இருந்ததைப் பெண் மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா என்று யோசிக்காதீர்கள், அவசியம் சொல்லுங்கள். மாற்றம் உள்ள பெண்கள், குழந்தைப்பேறு முடிந்த பின், முதல் வகையில் 35 முதல் 40 வயதுக்குள்ளும் இரண்டாம் வகையில் 40 முதல் 45 வயதுக்குள்ளும் குழாயையும் சினைப்பையையும் எடுத்துவிடுவது உயிரைக் காக்கும் வழியாகச் சொல்லப்படுகிறது. அப்படி எடுத்த குழாய்களில்தான் கண்ணுக்குத் தெரியாத ஆரம்பப் புற்றுநோய் பல நேரம் பிடிபடுகிறது.

இங்கே ஒரு கசப்பான உண்மையைப் பேச வேண்டும். "வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது" என்று தாயின் நோயை மறைக்கிறார்கள். உறவினர்களிடம் மறைப்பது உங்கள் விருப்பம். ஆனால் அந்தப் பெண்ணிடமே மறைத்தால், தன்னைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பை அவளிடமிருந்து எடுத்துவிடுகிறோம். நோய் என்ன என்பதை நோயாளியான தாயிடமே சொல்லாமல் மகன்கள் தமக்குள் வைத்துக்கொள்வதும் சரியல்ல. அது அவருடைய உடல், அவருடைய ஆயுள்.

கர்ப்பப்பை எடுத்தவர்கள் கவனத்துக்கு

அதிக இரத்தப்போக்குக்காகக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட சகோதரிகள் நம்மிடையே பலர். "எனக்குத்தான் எல்லாம் எடுத்தாயிற்றே" என்று சொல்வார்கள். எல்லாம் எடுக்கப்பட்டதா? டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். குழாயும் சினைப்பையும் உள்ளேயே விடப்பட்டிருக்கலாம். அப்படியானால் மேலே சொன்ன வயிற்று அடையாளங்கள் உங்களுக்கும் பொருந்தும்.

இனிமேல் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொள்ள இருப்பவர்கள் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "சினைப்பையை வைத்துவிட்டு, குழாய்களை மட்டும் சேர்த்து எடுத்துவிடலாமா?" குழந்தைப்பேறு முடிந்த பிறகு குழாய்க்கு வேலை இல்லை, ஹார்மோன் சுரப்பது சினைப்பைதான். எனவே குழாயை எடுப்பதால் உடல் முன்கூட்டி முதுமையடைவதில்லை. இந்த நோயின் ஆபத்து குறைகிறது. இந்தப் பழக்கம் இப்போது பல நாடுகளில் பரவி வருகிறது.

"ஆண் டாக்டரா?" என்ற தயக்கம்

இந்தத் தயக்கம் இன்று வந்தது அல்ல. சென்னைக்கு அதில் ஒரு வரலாறே உண்டு. பர்தாவிலிருந்த முஸ்லிம் பெண்களும், உயர்சாதி இந்துப் பெண்களும் ஆண் மருத்துவரிடம் போக மறுத்துப் பிரசவத்தில் தவிப்பதைக் கேள்விப்பட்ட மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். பிறகு இலண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி வந்து, 1885-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கக் காரணமாக இருந்தார். நம் பெரியவர்கள் இன்றும் "கோஷா ஆஸ்பத்திரி" என்று சொல்லும், திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான். பெண்களின் வெட்கத்தைக் குறை சொல்லாமல், அதற்கு ஏற்ற மருத்துவமனையைக் கட்டினார்கள்.

இன்று பெண் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்கேன் எடுக்கவும் பெண் வேண்டும் என்று கேட்கலாம். ஆண் மருத்துவர் பார்க்கும்போது செவிலியரோ வீட்டுப் பெண்ணோ உடன் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் தகுதியான பெண் அறுவை மருத்துவர் கிடைக்கும் வரை என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். உயிர்க் கட்டாயம் உள்ள இடத்தில் ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவது கூடும் என்றே ஆலிம்கள் விளக்கியிருக்கிறார்கள்.

எங்கே போவது? செலவுக்கு என்ன செய்வது?

முதல் பரிசோதனைக்கு பூந்தமல்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. மேல் பரிசோதனைக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எழும்பூர் மகப்பேறு மற்றும் பெண்கள் நல மருத்துவமனை ஆகியவை உள்ளன. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, இராயப்பேட்டை அரசு மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை ஆகியவற்றுக்குப் போகலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. தன் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்டு, டாக்டர் சாந்தா அவர்களின் உழைப்பால் வளர்ந்த நிறுவனம் அது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று இவற்றோடு திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதிவு செய்யலாம். நோய் வந்த பிறகு அட்டைக்கு அலைவதைவிட, இன்றே எடுத்து வைப்பது நல்லது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். ஜகாத் உதவி கேட்பதற்கு முன் இந்த வழிகளைப் பார்த்துவிட்டால், ஜகாத் பணம் இவை எதிலும் அடங்காத செலவுகளுக்கு உதவும்.

மருத்துவரிடம் போகும்போது

ஒரு சிறிய நோட்டில் இவற்றை எழுதிக் கொண்டுபோங்கள்: மாதவிடாய் நின்ற ஆண்டு, கசிவு வந்த தேதிகள், நிறம், அளவு, வலி எந்தப் பக்கம், கசிவு வந்ததும் குறைகிறதா, எடை குறைந்ததா, தாய், தந்தை இரு வழியிலும் யாருக்கு என்ன புற்றுநோய், எந்த வயதில், முன்பு செய்த ஆபரேஷன்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். ஸ்கேன் படங்களையும், பயாப்ஸி செய்திருந்தால் அந்தக் கண்ணாடிச் சில்லுகளையும் கட்டைகளையும் கேட்டு வாங்கலாம்; வேறு மருத்துவமனையில் மறுபடி பார்க்க உதவும்.

பாடத்தைச் சரிபார்த்துக்கொள்ள

வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.

1. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து இரத்தம் பட்டால் எத்தனை நாளில் மருத்துவரிடம் போக வேண்டும்?
2. கர்ப்பப்பை உட்படல ரிப்போர்ட் நன்றாக இருந்தும் கசிவு தொடர்ந்தால், அடுத்து எங்கே தேட வேண்டும்?
3. சி.ஏ.125 உயர்ந்தால் அது புற்றுநோய்தானா?
4. கட்டியில் ஊசி போடுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?
5. அத்தாவின் குடும்பத்தில் இருந்த நோயை ஏன் சொல்ல வேண்டும்?

கணவன்மார்களுக்கும் மகன்களுக்கும் கடைசியாக ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண் இந்தத் தொல்லையைப் பற்றி ஒரு முறைதான் சொல்வார். "மாத்திரை போட்டுக்கோ" என்று அன்று சொல்லிவிட்டால், இரண்டாம் முறை சொல்ல மாட்டார். அந்த ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் வேலைக்கு அரை நாள் லீவு போட்டு உடன் போங்கள். பெரும்பாலும் பயப்படும்படி ஒன்றும் இருக்காது. நிம்மதியாகத் திரும்பி வரலாம். இருந்தாலும் நேரத்தோடு தெரிந்திருக்கும்.

நோயுற்ற நம் தாய்மார்கள், சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.